தன்னிச்சை

வெண்மதிக்கு முதல் கரு கலைந்தது 2008 ஜூலையில், ஒரு வெள்ளிக்கிழமை பகலில். வீட்டில் அப்போது யாரும் இல்லை. கணவன் ராஜவேல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆபீசில் இருந்தான். அன்றைக்கு அங்கே தணிக்கை. செல்போனை அணைத்துத்தான் வைத்திருப்பேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தான். மாமியார் இருசம்மாள் மகள் ரேகாவைப் பார்க்கச் சிதம்பரம் போயிருந்தாள். வெண்மதி உளுந்தை ஊறப்போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி. மாதாமாதம் வருகிற வலிதான் என்றது உடம்பு. அது வரக்கூடாத மாதம் என்றது புத்தி. பாத்ரூமுக்குப் போய்ப் பார்த்தாள். அதற்குமேல் யோசிக்கவில்லை. பழைய நூல் புடவை ஒன்றைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு ராசம்மாளிடம் கொடுத்துவிட்டு, தெருமுனை வரைக்கும் நடந்துபோய் ஆட்டோ பிடித்தாள்.

அவள் தனியாக நடந்துபோய் ஆட்டோ பிடித்தது அன்றைக்கு யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. ராசம்மாள்கூட, "தைரியமான பொண்ணு" என்றுதான் சொன்னாள்.

திருப்பாதிரிப்புலியூரில் டாக்டர் லோகநாயகியின் ஆஸ்பத்திரி. பத்துக் கட்டில் போட்ட சின்ன இடம். டாக்டர் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"பாதி வெளிய வந்துடுச்சும்மா. மிச்சத்தச் சுத்தம் பண்ணணும். விட்டா ரத்தம் நிக்காது. கூட யாரு வந்திருக்காங்க?"

"யாருமில்ல மேடம்."

"கையெழுத்து?"

"நானே போடறன்."

சாயங்காலம் ராஜவேல் ஓடிவந்தான். சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து இருசம்மாளும் வந்து சேர்ந்தாள். இருசம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதாள். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் மருமகளை அடுப்படிப் பக்கம் விடவில்லை. பூண்டுக் குழம்பு வைத்துப் போட்டாள், வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அந்த இரண்டு நாளை நினைத்தால் வெண்மதிக்குப் பிறகும் குழப்பமாக இருக்கும். அந்த அழுகையும் பொய்யில்லை, அதற்கப்புறம் வந்ததும் பொய்யில்லை.

மூன்றாம் நாள் ராஜவேல் மருத்துவச் செலவுக்கு ஆபீசில் மனு போட வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்தான். ராஜவேல் இளநிலை உதவியாளர். அந்த ஆபீசில் கோப்புக்குக் குறிப்பு எழுத அவனை விட்டால் ஆள் கிடையாது என்று பேர். அவனுடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டியவர். மகன் இங்கிலீஷில் வரும் அரசாணையைப் படித்து நாலு பேருக்கு விளக்கம் சொல்கிற இடத்துக்கு வந்திருந்தான். காகிதத்தில் இருப்பதுதான் நிற்கும், வாயால் சொன்னது காற்றில் போகும் என்பது அவன் அடிக்கடி சொல்கிற வார்த்தை.

காகிதத்தைப் படித்தவன் ஒரு இடத்தில் விரலை வைத்து நிறுத்தினான்.

"வெண்மதி, இங்க வா. இங்க என்னா போட்டிருக்கு?"

அவள் எட்டிப் பார்த்தாள். டாக்டரின் கிறுக்கல். 'இன்கம்ப்ளீட் அபார்ஷன்.'

"அபார்ஷன்னா என்னா?"

"கரு கலைஞ்சிடுச்சின்னு அர்த்தம்."

"தானா கலைஞ்சா மிஸ்கேரேஜ்னு போடுவாங்க. எனக்கும் நாலு எழுத்து இங்கிலீஷ் தெரியும். கலைச்சாத்தான் அபார்ஷன்." அவன் குரல் உயரவில்லை. கோப்பில் பிழை கண்டுபிடித்த மாதிரி நிதானமாகத்தான் பேசினான். "சரி, இன்கம்ப்ளீட்னா? பாதியில நின்னது. எது பாதியில நின்னுது? நீ ஆரம்பிச்சது. மாத்திரை வாங்கித் தின்னிருக்க. முழுசா வெளிய வரல. பயந்துக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க."

வெண்மதிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. விளையாடுகிறான் என்று நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனால் அந்தப் பாதிச் சிரிப்பையும் அவன் பார்த்துவிட்டான்.

"சிரிக்கறா பாரும்மா."

இருசம்மாள் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். மகன் சொன்னதைக் கேட்டாள். காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாத கண்ணால் மேலும் கீழும் பார்த்தாள். அச்சடித்த தலைப்பும் நீல மசியும் முத்திரையும் அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"அதான் நான் ஊர்ல இல்லாத நாளாப் பாத்தியா?" என்றாள்.

"அத்த, கலைஞ்சுடுச்சி அத்த. நான் கலைக்கல."

கலைந்தது, கலைத்தது. தமிழில் இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்துக்கு ஒரு பக்கம் வெந்நீரும் பூண்டுக் குழம்பும், இன்னொரு பக்கம் வேறொரு வாழ்க்கை. இங்கிலீஷில் அந்த ஓர் எழுத்தும் இல்லை.

அவர்கள் அப்படி நினைக்க ஒரு காரணமும் இருந்தது. வெண்மதி பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். கல்யாணமாகி இரண்டு வருஷமாகச் சிதம்பரத்துக்குப் போய் பி.எட். படிக்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் விண்ணப்பமும் வாங்கி வைத்திருந்தாள். நிரப்பி முடித்த வாரத்தில்தான் நாள் தள்ளிப்போனது தெரிந்தது. மெடிக்கலில் வாங்கிய சோதனை அட்டையில் இரண்டு கோடு தெரிந்த அன்று அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "இப்பப் போயா?"

அதை ராஜவேல் கேட்டான். அன்றைக்கு அவனும் சிரித்தான். "இப்ப இல்லாம எப்ப? பி.எட். எங்க ஓடிடப் போவுது?" என்றான். ஒரு வாரம் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்துவிட்டு அவளும் சமாதானமாகிவிட்டாள். எட்டாவது வாரத்தில் புளிப்பு மாங்காய் கேட்டாள். பையன் பெண் இரண்டுக்கும் பேர் யோசித்தாள். அதையெல்லாம் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த முதல் வார்த்தை மட்டும் ராஜவேலுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது.

வெண்மதிக்கும் நினைவிருந்தது. அதுதான் கொடுமை. குளிக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, அந்த வார்த்தை வந்து நிற்கும். வேண்டாம் என்று நினைத்தது ஒரு வாரம். நினைத்தாலே கலைந்துவிடுமா? வேதியியல் படித்தவளுக்கு அது நடக்காது என்று தெரியும். தெரிந்தும், நான் ஒன்றும் செய்யவில்லை என்று அவள் சொல்லும்போதெல்லாம் குரல் ஒரு இழை தணிந்தது. அந்தத் தணிவை மாமியார் கவனித்தாள்.

அடுத்த புதன்கிழமை ரேகா வந்தாள். ராஜவேலின் தங்கை. சிதம்பரத்தில் ஆரோக்கியராஜைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். ஆரோக்கியராஜ் கீரப்பாளையம் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார். ரேகாவுக்கு அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள். வந்தவள் அண்ணியைத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தனியாகப் பிடித்தாள்.

"அண்ணி, உங்கிட்ட ஒன்னு சொல்றன். யாருகிட்டயும் சொல்லிடாத."

வெண்மதி குழாயை நிறுத்தினாள்.

"சின்னவன் பொறந்து ஆறே மாசத்துல எனக்கு மறுபடி நின்னுடுச்சி. அவுரு வேலூர்ல ட்ரெய்னிங்ல இருந்தாரு. சொன்னா கலைக்க உட மாட்டாரு. சாமி குடுத்ததும்பாரு. என் உடம்பு அப்ப இருந்த இருப்புக்கு இன்னொன்னு தாங்காது. அம்மாதான் கூட்டிக்கினு போச்சு. இங்கதான், கடலூர்லயே. சீட்ட அம்மாவே கிழிச்சி வாய்க்கால்ல போட்டுட்டுது. அவுருக்கு இன்னி வரைக்கும் தெரியாது." ரேகா வெண்மதியின் ஈரக் கையைப் பிடித்தாள். "அதனால சொல்றன். நீ செஞ்சது ஒன்னும் தப்பில்ல அண்ணி. படிக்கணும்னு உனக்கு ஆச. நீ செஞ்சிருக்கக்கூடாதுன்னு நான் சொல்ல மாட்டன்."

அந்த வீட்டில் அவளுக்காகப் பேச வந்த ஒரே ஆள் ரேகாதான். அவளும் இப்படித்தான் பேசினாள்.

"நான் செய்யல ரேகா."

"சரி அண்ணி," என்றாள் ரேகா, அழுகிற பிள்ளையிடம் சொல்வதுபோல. "எங்கிட்ட எதுக்கு மறைக்கற?"

மறுநாள் வெண்மதி டாக்டரிடம் போனாள். லோகநாயகி வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெண்மதி காகிதத்தை நீட்டி, வந்த விஷயத்தைச் சொன்னாள். டாக்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எங்க பாஷையில ரெண்டும் அபார்ஷன்தாம்மா. தானா போனாலும் அதான், எடுத்தாலும் அதான். இருபது வாரத்துக்கு முன்னாடி போற எல்லாத்துக்கும் ஒரே பேரு. புஸ்தகத்துல அப்படி இருக்கு."

"வீட்ல ஒத்துக்க மாட்டன்றாங்க மேடம். வேற வார்த்தை போட்டுக் குடுங்க."

"வேற வார்த்தைன்னா? உன் வீட்டுக்காரர வரச் சொல்லு. நான் சொல்றன்."

"வர மாட்டாரு. எழுத்துல இருந்தாத்தான் நம்புவாரு."

டாக்டர் வாசலில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தன் பேர் அச்சடித்த காகிதத்தில் இரண்டு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். 'ஸ்பான்டேனியஸ் அபார்ஷன்' என்று இருந்தது. வெண்மதிக்கு அந்த வார்த்தை தெரியும். கல்லூரியில் இரண்டாம் வருஷப் பாடம். வெளியிலிருந்து எந்தத் தூண்டலும் இல்லாமல் தானாகவே நடக்கிற வினை. இரும்பு துருப்பிடிப்பது மாதிரி. காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஒரு வாரத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடினார்கள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வெண்மதியின் அப்பா பொன்னுரங்கம் வந்தார். சர்க்கரை ஆலையில் கூலியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு ஒற்றை ஆளாக மகளை டிகிரி வரைக்கும் படிக்க வைத்தவர். சிதம்பரத்திலிருந்து பூசை முடித்து ரேகாவும் ஆரோக்கியராஜும் வந்தார்கள். ராஜவேல்தான் ஆரோக்கியராஜை வரச் சொல்லியிருந்தான். வரும்போது நல்ல அகராதி ஒன்று கொண்டு வாங்க மச்சான் என்றும் சொல்லியிருந்தான்.

நடு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. வெண்மதி உட்காரவில்லை. காகிதத்தை எடுத்து ஆரோக்கியராஜிடம் கொடுத்தாள்.

"அண்ணே, நீங்களே படிச்சிச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அகராதியைப் புரட்டினார். தடித்த பழைய இங்கிலீஷ்-தமிழ் அகராதி. பள்ளிக்கூட நூலக முத்திரை குத்தியது.

"அபார்ஷன், கருக்கலைப்பு," என்றார். பக்கம் தள்ளினார். "ஸ்பான்டேனியஸ்... தன்னிச்சையான..."

"நிறுத்துங்க மச்சான்," என்றான் ராஜவேல். "திரும்பச் சொல்லுங்க."

"தன்னிச்சையான. இன்னொரு அர்த்தமும்..."

"தன் இச்சை. அதாவது தன் இஷ்டம்." அவன் எழுந்து நின்றுவிட்டான். "தன்னிச்சையான கருக்கலைப்பு. தன் இஷ்டத்துக்குக் கலைச்சது. டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க. முத்திரையோட. இதுக்குமேல என்னா வேணும்?"

"அந்த வார்த்தைக்கு அது அர்த்தமில்ல," வெண்மதி முன்னால் வந்தாள். "யாரும் செய்யாம தானா நடக்கறது. கெமிஸ்ட்ரில வரும். வெளியேர்ந்து..."

"காலேஜுப் பாடத்த இங்க நடத்தாத."

"அண்ணே, அடுத்த அர்த்தத்தையும் படிங்க அண்ணே."

ஆரோக்கியராஜின் கண் அகராதியில்தான் இருந்தது. அடுத்த வரியை அவர் பார்த்துவிட்டார் என்பது வெண்மதிக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவருடைய உதடு லேசாக அசைந்தது. ராஜவேல் பேசிக்கொண்டே போனான். இருசம்மாள் ஒப்பாரி மாதிரி ஆரம்பித்தாள். ஆரோக்கியராஜ் ஒரு தரம் தொண்டையைச் செருமினார். பிறகு, சண்டை நடக்கிற வீட்டில் விருந்தாளி எப்படி இருப்பாரோ அப்படி, புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"உசுரு உசுருதான்," என்றார் பொதுவாக. "பெருசா இருந்தா என்ன, சின்னதா இருந்தா என்ன. கடவுள் கணக்குல எல்லாம் ஒன்னுதான்."

"எங்க குடும்பத்துல இந்தப் பாவத்த எவளும் செஞ்சதில்ல," என்றாள் இருசம்மாள்.

வெண்மதி ரேகாவைப் பார்த்தாள். ரேகா சின்னப் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையில் இருசம்மாளின் வாய் அடைத்துவிடும். ஆரோக்கியராஜின் மடியில் இருந்த புத்தகம் கீழே விழுந்துவிடும். ரேகாவின் குடும்பமும் விழுந்துவிடும். வார்த்தை வெண்மதியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் அதை விழுங்கினாள். ரேகாவின் மேல் இரக்கமா, இல்லை சொன்னாலும் இவர்கள் நம்பப் போவதில்லை என்ற சலிப்பா என்று அவளுக்கே தெரியாது.

அப்போதுதான் பொன்னுரங்கம் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வெண்மதி அவரை அப்படி ஆலையில் மேஸ்திரி முன்னால்தான் பார்த்திருக்கிறாள், சின்ன வயசில். அவர் மருமகன் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாப்ள, தாயில்லாத பொண்ணு. எடுத்துச் சொல்ல ஆளில்ல. தெரியாம செஞ்சிட்டுது. இந்த ஒரு தபா மன்னிச்சிடுங்க."

"அப்பா! நான் செய்யலப்பா!"

"இரும்மா. நீ பேசாத."

அத்தோடு முடிந்தது. பெற்ற அப்பனே ஒத்துக்கொண்ட பிறகு அங்கே பேச ஒன்றுமில்லை. இருசம்மாள் மூக்கைச் சிந்திவிட்டுக் காபி போடப் போனாள். ராஜவேல் பெரிய மனசு பண்ணியவனாக உட்கார்ந்தான். "பி.எட். பேச்சே இனிமே எடுக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னான்.

பஸ் ஏற்றிவிடப் போனபோது வெண்மதி அப்பாவைக் கேட்டாள். "நீயே நம்பறியாப்பா?"

பொன்னுரங்கம் நெல்லிக்குப்பம் பஸ் வருகிறதா என்று ரோட்டையே பார்த்தார். "நம்பறனோ இல்லியோ. நீ வாழணுமில்ல?"

அவள் வாழ்ந்தாள். அந்த வாழ்க்கையில் மாமியாருக்குத் தெரியாமல் ஒரு தலைவலி மாத்திரைகூட வீட்டுக்குள் வராது. மாத்திரை என்றாலே அந்த வீட்டில் சந்தேகம். இருசம்மாள் எல்லாவற்றையும் தன் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். கடைக்குப் போனாலும் கூடவே வந்தாள். 2009 கடைசியில் மறுபடி நாள் தள்ளிப்போனபோது காவல் இன்னும் கெட்டியாயிற்று. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கொடுத்த சத்து மாத்திரையும் பெட்டிக்குள்தான் போனது. "நாங்கள்லாம் மாத்திரை தின்னா பெத்தோம்?" என்றாள். வெண்மதி இரண்டு முறை கேட்டாள். மூன்றாம் முறை, மாத்திரை கேட்கிறாள் என்று ராஜவேலிடம் புகார் போனது. அதோடு விட்டுவிட்டாள்.

இந்த முறை அவள் எதுவும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சந்தோஷப்பட்டால் நடிக்கிறாள் என்பார்கள், சும்மா இருந்தால் பிடிக்கவில்லை என்பார்கள். வயிற்றுக்குள் முதல் அசைவு தெரிந்த அன்று, மீன் வாலடிக்கிற மாதிரி ஒரு மெல்லிய துடிப்பு, அதையும் யாரிடமும் சொல்லவில்லை. அது அவளுக்கும் அந்தக் குழந்தைக்கும் மட்டும் தெரிந்ததாக இருந்தது.

பதினெட்டாம் வாரத்தில் ஸ்கேன். லோகநாயகியிடம் இனிப் போக வேண்டாம் என்று ராஜவேல் சிதம்பரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். இருசம்மாளும் கூட வந்தாள். ஸ்கேன் எடுத்தவர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கருவியை நகர்த்தினார். பிறகு வேறொரு டாக்டரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் வயதான டாக்டர் ஒருவர் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"மண்டை ஓடு உருவாகலம்மா. மூளையும் இல்ல. இந்தக் கொழந்த வயித்துல இருக்கற வரைக்கும்தான் இருக்கும். பொறந்தா சில மணி நேரம். ஒரு நாள் தாண்டாது. ஒன்னும் செய்ய முடியாது."

"ஏன் சார் இப்படி?" என்றான் ராஜவேல்.

"பல காரணம். சத்து மாத்திரை, ஃபோலிக் ஆசிட், போட்டுக்கிட்டாங்களா?"

இருசம்மாள் முந்தானையை எடுத்து வாயில் வைத்தாள்.

"போடலன்னாதான் இப்படி ஆச்சுன்னு சொல்ல முடியாது," என்றார் டாக்டர். "போட்டவங்களுக்கும் ஆவுது. நாள் தள்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாத்தான் முழுப் பலன். யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல. முடிவு நீங்க எடுக்கணும். இருபது வாரம் வரைக்கும்தான் சட்டம்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருசம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். "எடுத்துடலாம்மா. தலையில்லாதது எதுக்கு?" ராஜவேல் தலையாட்டினான். பிறகு எழுந்துபோய்ப் படிவம் வாங்கிவந்து, பெஞ்சின்மேல் வைத்து, தன் அழகான கையெழுத்தில் நிரப்ப ஆரம்பித்தான். பெயர், வயது, கணவர் பெயர், முகவரி. ஒரு எழுத்து அடித்தல் திருத்தல் இல்லை. கையெழுத்துப் போடுகிற இடத்தில் மட்டும் புள்ளி வைத்து அவளிடம் நீட்டினான். "உன்னோடது மட்டும் போதுமாம்."

ஒருத்தரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளும் எடுத்துவிடலாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அந்தக் குழந்தை பிறந்து மூச்சுக்குத் தவிப்பதை அவளால் பார்க்க முடியாது. டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவள் மனசுக்குள் முடிவு வந்துவிட்டது. ஆனால் படிவத்தை வாங்கியவள் பேனாவைத் திறக்கவில்லை.

"இதுக்குப் பேரு என்னா?"

"எதுக்கு?"

"இப்ப செய்யப் போறதுக்கு."

"ட்ரீட்மெண்ட்," என்றான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மெடிக்கல் டெர்மினேஷன். இங்க போட்டிருக்கு பாரு."

"தமிழ்ல சொல்லுங்க."

"மெதுவாப் பேசு. ஜனங்க இருக்காங்க."

"சொல்லுங்க. சொன்னாத்தான் கையெழுத்து."

ராஜவேலின் முகம் கறுத்தது. அம்மாவைப் பார்த்தான். இருசம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்ட்ரெச்சர் ஒன்று சத்தத்தோடு அவர்களைத் தாண்டிப் போனது. அவன் சொல்லவில்லை. சொல்ல மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றாலும் சொல்ல மாட்டான். அந்தச் சமயத்தில் உள்ளே அந்த மீன்வால் மறுபடி ஒருமுறை துடித்தது. இந்தக் குழந்தையை நடுவில் வைத்து இவனோடு வழக்காடவா என்று அவளுக்கே அசிங்கமாகிவிட்டது. பேனாவைத் திறந்தாள்.

"கருக்கலைப்பு," என்றாள், வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. "நாந்தான் கலைக்கறன். தெரிஞ்சி கலைக்கறன்."

கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு நாள் ஆயிற்று எல்லாம் முடிய. பார்க்கிறாயா என்று நர்ஸ் கேட்டாள். வெண்மதி பார்க்கிறேன் என்றாள். பெண் குழந்தை. கையும் காலும் விரலும் எல்லாம் சரியாக இருந்தது. நர்ஸ் தலைப்பக்கத்தைத் துணியால் மூடிக் காட்டினாள். ராஜவேல் வெளியிலேயே நின்றுகொண்டான்.

வீட்டுக்கு வரும்போது ராஜவேல் டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பஸ்ஸிலேயே இரண்டு முறை படித்தான். "மெடிக்கல் டெர்மினேஷன், எம்.டி.பி.ன்னுதான் போட்டிருக்கு. வேற ஒன்னும் போடல," என்றான் நிம்மதியாக. அந்தக் காகிதத்தைக் கொண்டு மருத்துவச் செலவு மனு எழுதுவதில் அவனுக்குச் சங்கடம் எதுவும் இருக்கவில்லை.

தெருவில் எல்லாரிடமும் இருசம்மாள், "பாவம், கரு தங்கல" என்று சொல்லி வைத்திருந்தாள். ராசம்மாள் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்து வெண்மதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்லதான் ஏதோ ஆயிடுச்சின்னு சொன்னாங்க. இதுவாவது தங்கும்னு நெனச்சன். அதும் தங்கலியேம்மா."

"இது தங்கினது அக்கா," என்றாள் வெண்மதி. "நான்தான் கையெழுத்துப் போட்டு எடுத்தன். முன்னதுதான் தங்காமப் போனது."

ராசம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. இருசம்மாள் உள்ளேயிருந்து, "உடம்பு முடியாம ஏதோ பேசறா" என்றாள். ராசம்மாள் போன பிறகு மாமியார் அவள் எதிரில் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி இருந்தது. பெட்டிச் சாவி இடுப்பில் தொங்கியது. சாவியை எடுத்து டி.வி.க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி பூட்டப்படவில்லை. அதைத் தவிர அந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை.

வெண்மதி அடுத்த ஜூனில் தெருவுக்குப் பக்கத்திலிருந்த ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கப் போனாள். ராஜவேலிடம் கேட்கவில்லை, சொன்னாள். அவனும் மறுக்கவில்லை. 2011 மே மாதத்தில் மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனது. பேர் பதியப் போனபோது ராஜவேலும் கூட வந்தான். நர்ஸ் குனிந்தபடியே கேட்டாள்.

"முன்ன எத்தன அபார்ஷன்?"

"ஒன்னு," என்றான் ராஜவேல்.

"ஒன்னு," என்றாள் வெண்மதி.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் சொன்னார்கள். நர்ஸ் எழுதிக்கொண்டாள். ராஜவேல் திரும்பி அவளைப் பார்த்தான். அவன் சொன்ன ஒன்று வேறு, அவள் சொன்ன ஒன்று வேறு என்று அவனுக்குப் புரிந்தது என்பதை அவன் கண்ணிலேயே அவள் பார்த்தாள். அவன் வாய் திறந்தது. "வயசு?" என்றாள் நர்ஸ். "இருபத்தேழு" என்றாள் வெண்மதி.

தானே புயல் அடித்து ஊரில் ஒரு மரம் மிச்சமில்லாமல் கிடந்த சமயம், 2012 ஜனவரியில், பெண் குழந்தை பிறந்தது. ராஜவேல் குழந்தையைக் கீழே விடவில்லை. கரண்ட் இல்லாத அந்த வாரங்களில் அவனே பகலெல்லாம் விசிறி எடுத்து வீசிக்கொண்டிருந்தான். நல்ல தகப்பன் என்று தெருவே சொன்னது. வெண்மதியும் இல்லை என்று சொல்லவில்லை. அவனுக்குச் சோறு போட்டாள், சட்டை தேய்த்தாள், பள்ளிக்கூடத்து விஷயம் சொன்னாள். குழந்தையைப் பார்க்க வந்த ரேகா, அண்ணன் விசிறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணன மன்னிச்சிட்டியா அண்ணி?"

வெண்மதி குழந்தையின் ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"அவுரு கேக்கவே இல்லியே ரேகா. நான் எதக் குடுக்கறது?"